ஹோபார்ட்டின் பழைய கைதிகளைத் தேட ஓர் இலவச அட்டவணை: எதுவரை கைகொடுக்கும்?

பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட கைதிகளைத் தேடுபவர்கள் பலரும் எடுத்த எடுப்பிலேயே ஏதாவதொரு கட்டணத் தளத்தில் பணம் கட்டிவிடுகிறார்கள். ஹோபார்ட்டைத் தலைநகராகக் கொண்ட தாஸ்மேனியா மாநிலத்தைப் பொறுத்தவரை அவசரப்பட்டு அந்தச் செலவைச் செய்ய வேண்டியதில்லை. மாநில நூலகத்தையும் ஆவணக் காப்பகத்தையும் சேர்த்து நடத்தும் 'லைப்ரரீஸ் தாஸ்மேனியா'வின் 'தாஸ்மேனியன் நேம்ஸ் இன்டெக்ஸ்' முழுக்க இலவசம். கணக்குகூடத் தொடங்க வேண்டாம். பெயரை அடித்தால் சுருக்கக் குறிப்பு வரும். அதிலுள்ள இணைப்பை அழுத்தினால் மூலப் பதிவேட்டின் பக்கமே படமாகத் திறக்கும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒருவர் கைதியாக இருந்த காலம்வரை அவரைப் பின்தொடர இதைவிட நல்ல இலவச வசதி ஆஸ்திரேலியாவில் இல்லை. அவர் விடுதலையாகி, கடை வைத்து, கல்யாணம் செய்து, ஊரோடு ஊராகக் கலந்த பிறகு அட்டவணை சட்டென்று வாய் மூடிக்கொள்ளும். அங்கிருந்து தேடுபவரின் சாமர்த்தியம்தான். இந்த மதிப்புரையில் பாதி அந்தச் சாமர்த்தியத்தைப் பற்றியது.

அன்று வான் டீமன்ஸ் லேண்ட் என்று அழைக்கப்பட்ட இந்தத் தீவுக்கு 1803 முதல் 1853 வரை வந்த கைதிகள் ஏறக்குறைய 75,000 பேர். 1824இல் துணைநிலை ஆளுநராக வந்த ஜார்ஜ் ஆர்தருக்கு எல்லாமே எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கைதிக்கும் ஒரு போலீஸ் எண். அந்த எண்ணுக்கு எதிரே குற்றம், கப்பல், வேலை கொடுத்த எஜமானர், அங்கே செய்த ஒவ்வொரு தப்பு, அதற்குக் கிடைத்த தண்டனை. ஆஸ்திரேலியக் கைதிப் பதிவேடுகளை யுனெஸ்கோ 2007இல் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. சொன்னால் விசித்திரமாக இருக்கும், அதே காலத்தில் சொந்தக் காசில் கப்பலேறி வந்த குடியேறியைவிடத் திருட்டுக் குற்றத்துக்காக வந்தவரைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரியும். அவர் உயரம், மூக்கின் வடிவம், கையில் குத்திய பச்சை வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தேடும்போது முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் போட்டு, பக்கவாட்டிலுள்ள பதிவு வகைகளில் 'கன்விக்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே ஆண்டு வரம்பும் வைக்கலாம். வரும் குறிப்பில் கப்பல் பெயர், புறப்பட்ட தேதி, புறப்பட்ட துறைமுகம், வந்து சேர்ந்த தேதி, போலீஸ் எண் எல்லாம் இருக்கும். இதில் பலரும் கோட்டைவிடுவது கப்பல் பெயரில். ஒரே கப்பல் பல தடவை வந்திருக்கும். ஒரே பெயரில் வேறு வேறு கப்பல்களும் உண்டு. இரண்டு ஓவியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மிங்ஹாம் செதுக்கோவியரான தாமஸ் பாக் 1824 ஜனவரியில் 'ஏசியா' கப்பலில் ஹோபார்ட் வந்தார். மீன்களை அச்சு அசலாக வரைந்த வில்லியம் ப்யூலோ கூல்ட் 1827 டிசம்பரில் வந்ததும் 'ஏசியா'வில்தான். 'ஏசியாவில் வந்தவர்' என்ற குடும்பக் கதையை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் நான்கு வருஷம் தள்ளி வேறொருவரிடம் போய் நிற்போம். கப்பலோடு வந்த தேதியையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது கட்டாயம்.

அடுத்தது பதிவேட்டுக் குறியீடு. கைதித் துறையின் பதிவேடுகள் எல்லாம் 'கான்' (CON) என்று தொடங்கும். நடத்தைப் பதிவேடுகளில் நான்கைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலும் போதும். ஆண்களுக்கு 31, 33. பெண்களுக்கு 40, 41. இவற்றில் 31உம் 40உம் பழைய முறைக்கு உரியவை, அதாவது கைதியைத் தனியார் எஜமானரிடம் வேலைக்கு ஒப்படைத்த காலம். 33உம் 41உம் 1840களில் வந்த 'ப்ரொபேஷன்' முறைக்கானவை. இந்த முறையில் ஆண் கைதி முதலில் அரசாங்க வேலைக் குழுவில் குறிப்பிட்ட மாதங்கள் உழைப்பார். பிறகு மூன்றாம், இரண்டாம், முதல் வகுப்பு பாஸ் பெற்றுச் சம்பளத்துக்கு வெளியே வேலைக்குப் போவார். இது தெரியாமல் 33ஆம் பதிவேட்டைப் பிரித்தால் மேலே உள்ள 'வகுப்பு', 'நிலையம்' என்ற கட்டங்கள் எதற்கென்றே புரியாது.

கான் 31 பக்கம் ஒன்று எப்படி இருக்கும்? தலைப்பில் போலீஸ் எண், பெயர், கப்பல், விசாரணை நடந்த ஊரும் தேதியும், தண்டனை ஆண்டுகள். அதன் கீழே நெருக்கிய எழுத்தில் ஒரு பத்தி: எதற்காக நாடுகடத்தப்பட்டார், இங்கிலாந்துச் சிறை அவரைப் பற்றி என்ன சொன்னது, கப்பல் சிறையான 'ஹல்க்' என்ன சொன்னது, கல்யாணம் ஆனவரா. நடுவில் 'ஸ்டேட்டட் திஸ் அஃபென்ஸ்' என்று ஓர் இடம் வரும். அதற்குப் பின்னால் வருவது கைதி தன் வாயால் சொன்னது. நீதிமன்றத்தில் நிரூபணமான குற்றத்தோடு இதை ஒப்பிட்டுப் படியுங்கள். நீதிமன்றம் சொல்லாத பழைய வழக்குகளையும் சிலர் இங்கே ஒப்புக்கொண்டிருப்பார்கள். பொய் சொன்னால் இங்கிலாந்திலிருந்து வந்த காகிதம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதற்குப் பிறகுதான் தேதி வாரியான வரிகள். ஒவ்வொன்றிலும் தேதி, எஜமானர் பெயர், குற்றம், தண்டனை, கடைசியில் நீதிபதியின் முதலெழுத்துகள். குடித்திருந்தது, அனுமதியின்றி வெளியே போனது, எதிர்த்துப் பேசியது, வேலையில் அசட்டை: நூற்றுக்கணக்கான பக்கங்களில் இவையே திரும்பத் திரும்ப வரும். தண்டனை கண்டிப்பில் தொடங்கி, ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுக்கும் தனிச்சிறை, மிதிசக்கரம், 25 அல்லது 50 கசையடி, சங்கிலிக் குழு என்று ஏறும். எஜமானர் பெயர்களைத் தனித்தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். கைதி எந்த வட்டாரத்தில் இருந்தார், யாரோடு பழகியிருப்பார் என்பதற்கு வேறு தடயம் கிடையாது. விடுதலையான பிறகு பலரும் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே குடியிருந்துவிடுவார்கள்.

கையெழுத்தில் மூன்று இடங்களில் கால் இடறும். இரண்டு 'எஸ்' சேர்ந்து வந்தால் முதல் 'எஸ்' நீளமாக இழுபட்டு 'எஃப்' போலவோ 'பி' போலவோ தெரியும். ராஸ், ரஸல் மாதிரிப் பெயர்கள் தப்பாகப் படியெடுக்கப்படுவது இதனால்தான். அடுத்தது, 'அல்ட்' என்று சுருக்கி எழுதியிருந்தால் போன மாதம் என்று பொருள். அதைக் கவனிக்காவிட்டால் ஒரு மாதம் பிசகும். மூன்றாவது, 'டோ' என்று பார்த்தால் அது பெயரல்ல, 'மேலே சொன்னதே' என்பதன் சுருக்கம். இவற்றோடு டி.எல்., சி.பி., எஃப்.சி. என்ற மூன்று சுருக்கங்களும் மனப்பாடமாக இருக்க வேண்டும். டி.எல். என்றால் டிக்கெட் ஆஃப் லீவ். தண்டனை தொடரும், ஆனால் தனக்காக உழைத்துச் சம்பாதிக்கலாம். வட்டாரத்தைவிட்டுக் கேட்காமல் நகரக் கூடாது. சி.பி. என்றால் நிபந்தனை மன்னிப்பு. காலனிக்குள் சுதந்திரம், இங்கிலாந்து திரும்ப முடியாது. எஃப்.சி. என்றால் தண்டனைக் காலம் முடிந்ததற்கான விடுதலைச் சான்று. தாமஸ் பாக் 14 வருஷத் தண்டனையோடு வந்தவர். 1832இல் நிபந்தனை மன்னிப்பு, 1833இல் முழு மன்னிப்பு. பின்னாளில் ஹோபார்ட்டின் முதல் புகைப்படக்காரர்களில் ஒருவர். மன்னிப்பு கிடைத்த தேதி, தண்டனை முடிய வேண்டிய தேதிக்கு முன்னால் வருவது சகஜம். கணக்கு உதைக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

நடத்தைப் பதிவேட்டோடு நிறுத்திக்கொள்பவர்கள் நல்ல பகுதியைத் தவறவிடுகிறார்கள். அங்க அடையாளப் பட்டியலில் உயரம் அடி, அங்குலம், பின்னக் கணக்கில் இருக்கும். நெற்றி, புருவம், மோவாய் தனித்தனிக் கட்டங்கள். பச்சை குத்திய எழுத்துகளையும் அப்படியே குறித்திருப்பார்கள். ஓடிப்போனவரைப் பிடிக்க விளம்பரம் கொடுக்க வேண்டுமே, அதற்காகத்தான் இத்தனை நுணுக்கம். நமக்கு அந்த எழுத்துகள் வேறு வகையில் உதவும். அவை மனைவி, தாய், பிள்ளைகளின் முதலெழுத்துகளாக இருக்கலாம். 1840களின் 'இன்டென்ட்' எனப்படும், கப்பலில் வந்த கைதிகளின் பட்டியலில் பெற்றோர், கூடப்பிறந்தவர்கள் பெயர்களும் அவர்கள் இருந்த ஊரும் வரும். ஆண்களுக்கு அது கான் 14, பெண்களுக்கு கான் 15. இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஒரே பெயருள்ள மூன்று ஜான் ஸ்மித்களில் நம் ஆள் யாரென்று ஓரளவு பிரித்துவிடலாம்.

இனி, தேடல் எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். முதலாவது எழுத்துக்கூட்டல். உழைக்கும் ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்ட சாசனவாத இயக்கத்தின் லண்டன் தலைவர்களில் ஒருவரான கறுப்பினத் தையல்காரர் வில்லியம் கஃபே 1849 நவம்பரில் 'அடிலெய்ட்' கப்பலில் ஹோபார்ட் வந்தார். அவர் பெயரின் கடைசிக்கு முந்தைய ஆங்கில எழுத்து 'ஏ' என்றும் வரும், 'ஈ' என்றும் வரும். ஒன்றை மட்டும் போட்டால் பாதி ஆவணம் கண்ணில் படாது. பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துகளை அடித்து நட்சத்திரக் குறி போட்டுத் தேடுவது நல்லது. இரண்டாவது மாற்றுப் பெயர். மேலே சொன்ன கூல்டின் பிறவிப் பெயர் வில்லியம் ஹாலண்ட். கைதியாக அறியப்பட்டதோ கூல்ட். குடும்பத்தில் வழங்கும் பெயர் கிடைக்காவிட்டால் 'அவர் வரவே இல்லை' என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மூன்றாவதுதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது. காலனியிலேயே மறுபடி குற்றம் செய்து தண்டனை பெற்றவருக்கு வேறு பதிவேட்டில் புதிதாகப் பதிவு தொடங்கும். கள்ளக் கையெழுத்துக்காக 1825இல் வந்த ஹென்றி சேவரி 1838இல் நிபந்தனை மன்னிப்பு பெற்றார். 1840இல் மறுபடி அதே குற்றம். போர்ட் ஆர்தர் சிறைக்கு அனுப்பப்பட்டு 1842 பிப்ரவரியில் அங்கேயே இறந்தார். இப்படிப்பட்டவரின் முதல் பக்கத்தை மட்டும் படித்தால் அவர் நல்லபடியாக விடுதலையானதாகவே தோன்றும். கட்டம் நிரம்பிவிட்டால் எழுத்தர் வேறு பாகத்தில் தொடர்வதும் உண்டு. ஆகவே ஒரே நபருக்குக் குறிப்பில் இரண்டு மூன்று நடத்தைப் பதிவு எண்கள் இருந்தால் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். படம் திறந்ததும் அடுத்த பக்கத்துக்கும் ஒரு தடவை நகர்ந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

சரி, சான்று கையில் வந்துவிட்டது. கைதி இனி கைதியல்ல. எழுத்தர் அந்தப் பக்கத்தை மூடிவிடுவார். அரசாங்கத்துக்கு இனி அவரைப் பற்றி அக்கறை இல்லை. இங்கிருந்து அதே அட்டவணையில் 'கன்விக்ட்ஸ்' வடிகட்டியை எடுத்துவிட்டு மற்ற வகைகளுக்குப் போக வேண்டும்.

முதலில் திருமண அனுமதி. மணமக்களில் ஒருவராவது கைதியாக இருந்தால் ஆளுநரின் அனுமதி வேண்டும். 1829 முதல் 1850கள் வரையிலான பதிவேடுகளில் இருவர் பெயரும், கைதியாக இருந்தால் கப்பல் பெயரும் இருக்கும். விடுதலையான ஆணும் தண்டனையில் உள்ள பெண்ணும் சேர்வது ஹோபார்ட்டில் சாதாரணம் என்பதால், விடுதலையானவரைப் பிடிக்க இது முதல் கண்ணி. அனுமதி கிடைத்ததாலேயே கல்யாணம் நடந்தது என்று அர்த்தமில்லை. திருமணப் பதிவையும் சரிபாருங்கள். பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசே பதிவது 1838 டிசம்பரில் தொடங்கிவிட்டது. அதற்கு முந்தையவை தேவாலயப் பதிவுகள். பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயரே இல்லாதவை ஏராளம். ஆகவே குழந்தையின் பெயரைப் போட்டுத் தேடாமல் தகப்பனின் குடும்பப் பெயரையும் ஆண்டு வரம்பையும் வைத்துத் தேடுங்கள். இறப்புப் பதிவில் பெற்றோர் பெயரை எதிர்பார்க்காதீர்கள். வயது, தொழில், காரணம், தகவல் தந்தவர், அவ்வளவுதான். அந்த வயதும் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதே.

1842 தொடங்கி எடுத்த குடிக்கணக்குகள் ஏமாற்றமாக இருக்கும். வீட்டுத் தலைவர் பெயர் மட்டுமே எழுத்தில். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. ஆனால் அந்த எண்ணிக்கைக் கட்டங்களை நிதானமாகப் பாருங்கள். சுதந்திரமாக வந்தவர்கள், காலனியில் பிறந்தவர்கள் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் 'மற்ற சுதந்திரமானவர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். நாம் தேடும் முன்னாள் கைதிகள் அதற்குள்தான் இருக்கிறார்கள். அரசு அவர்களை எப்படிப் பார்த்தது என்பதும் அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

உயில்கள், மரண விசாரணைகள், மதுக்கடை உரிமங்கள் ஆகியவையும் இதே அட்டவணையில் உண்டு. கொஞ்சம் காசு சேர்த்த முன்னாள் கைதிகளில் பலர் மதுக்கடை நடத்தினார்கள் என்பதால் உரிமப் பட்டியலை விட்டுவிடாதீர்கள். காசு சேர்க்காதவர்களின் தடம் வேறு இடத்தில் முடியும். கஃபேக்கு 1856இல் மன்னிப்பு வந்தும் அவர் ஹோபார்ட்டிலேயே தங்கித் தையல் வேலையும் தொழிலாளர் அரசியலும் செய்தார். 1870இல் பிரிக்ஃபீல்ட்ஸ் ஏழைகள் விடுதியில் இறந்தார். வயதான, குடும்பமற்ற முன்னாள் கைதிகள் நிறையப் பேர் இப்படிப்பட்ட விடுதிகளில்தான் முடிந்தார்கள். 1860, 70களின் இறப்புகளைத் தேடும்போது இது நினைவில் இருக்கட்டும்.

சுதந்திரக் குடியேறிகளைத் தேடுபவர்களுக்கு இந்தச் சேவை சுமார்தான். ஆரம்ப காலத்தில் சொந்தமாக வந்தவர்களின் பயணிகள் பட்டியல் ஒழுங்காக இல்லை. அவர்களைப் பிடிக்க நிலம்தான் வழி. ஆர்தர் காலத்தில் கொண்டுவந்த 500 பவுண்ட் மூலதனத்துக்கு 640 ஏக்கர் என்ற கணக்கில் நிலம் கொடுத்தார்கள். 1831இல் அந்த இலவச நில முறை நின்று, ஏக்கருக்குக் குறைந்தது 5 ஷில்லிங் என்று ஏலம் வந்தது. நிலம் கேட்டு எழுதிய மனுக்கள் காலனிச் செயலாளர் அலுவலகக் கடிதங்களில் கிடக்கின்றன. அவற்றுக்கு ஹோபார்ட் மர்ரி தெருவில் உள்ள காப்பக வாசிப்பறையை அணுக வேண்டிவரலாம். அந்த நிலம் யாருடையது என்ற கேள்வியை இந்தக் காகிதங்கள் கேட்பதே இல்லை. நிபலூனா என்று இந்த இடத்தை அழைத்த முதல்குடி மக்களுக்கு எந்த ஏக்கர் கணக்கிலும் இடமில்லை.

துணைக்கு இரண்டு இலவசத் தளங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' பழைய செய்தித்தாள்களுக்கு. ஓடிப்போனவர் விளம்பரம், மதுக்கடை உரிமம், கடன் வழக்கு எல்லாம் அதில் அகப்படும். இயந்திரம் படித்த எழுத்து என்பதால் பிழைகள் உண்டு. பெயரோடு தெருவையோ தொழிலையோ சேர்த்துத் தேடினால் வேகமாகக் கிடைக்கும். லண்டனில் தண்டிக்கப்பட்டவர் என்றால் ஓல்ட் பெய்லி நீதிமன்ற நடவடிக்கைகள் 1674 முதல் 1913 வரை முழுமையாக இணையத்தில் உள்ளன. திருடிய பொருளின் விலைவரை வந்துவிடும். வேறு சில ஆவணங்கள் கட்டணத் தளங்களில்தான் வசதியாகக் கிடைக்கும். அவற்றுக்கும் உங்கள் ஊர்ப் பொது நூலகக் கணினியில் இலவச அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சேவையின் குறைகள்: பதிவுப் பக்கங்களைக் கைபேசியில் படிக்க முயல்வது கண்ணுக்குக் கேடு, பெரிய திரை வேண்டும். மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த படங்களில் மங்கலானவை உண்டு. இறக்கிக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கையெழுத்தை அப்படியே அச்செழுத்தில் தருவது இல்லை என்பதால் குற்றத்தின் பெயரையோ எஜமானர் பெயரையோ போட்டுத் தேட வழியில்லை. பெண் கைதிகள் விஷயத்தில் மட்டும் இதற்கு ஓரளவு பரிகாரம் உண்டு. ஹோபார்ட்டின் பெண் கைதிகள் ஆய்வு மையம் தன்னார்வலர்களைக் கொண்டு பல பதிவுகளைப் படியெடுத்து வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பில் காலனிகளைப் பற்றிப் பாடம் வரும்போது 'ஒரு கைதியைத் தேர்ந்தெடுத்து எழுது' என்ற வீட்டுப்பாடத்தோடு வரும் பிள்ளைகளுக்கு அங்கே தொடங்குவது சுலபம்.

1851க்குப் பிறகு ஒருவர் திருமணத்திலும் இல்லை, இறப்பிலும் இல்லை என்றால் அவர் பெரும்பாலும் நீரிணையைத் தாண்டி விக்டோரியாவின் தங்க வயல்களுக்குப் போயிருப்பார். அட்டவணையின் 'டிபார்ச்சர்ஸ்' வகையைப் பாருங்கள். ஆனால் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். 1852இல் விக்டோரியா கொண்டுவந்த கைதிகள் தடுப்புச் சட்டப்படி, நிபந்தனை மன்னிப்பு மட்டும் வைத்திருந்தவர் அங்கே இறங்கினாலே பிடிபடலாம். முழுச் சுதந்திரத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். சி.பி.யோடு போனவர்களுக்கு வேறு பெயரில் டிக்கெட் எடுக்க அதுவே போதுமான காரணம். பதிவேட்டின் கடைசி வரியில் சி.பி. என்று இருக்கிறதா, எஃப்.சி. என்று இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு, சி.பி. என்றால் மனைவி, குழந்தைகளின் பெயர்களையும் வயதையும் வைத்து மெல்பர்ன் பக்கம் தேடுங்கள்.